ஏரிக்கு எத்தனை கோடி? எம்-புக்கைக் காட்டு!



பட்ஜெட் வந்தா டீக்கடையில ஒரே பேச்சுதான். "விவசாயத்துக்கு இத்தனை ஆயிரம் கோடியாம்ல!" 2021 ஆகஸ்ட் 14-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதன்முதலாக வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டார்கள். அன்றைக்கு 34,220 கோடி ரூபாய். 2025-26-க்கு அதுவே 45,661 கோடி. தனி பட்ஜெட் கேட்டவர்கள் நாம்தான், வந்தபோது வரவேற்றவர்களும் நாம்தான். ஆனால் அந்தத் தொகை பூராவும் கழனிக்கு வந்து சேருதா என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

அந்தப் புத்தகத்தில் வேளாண்மைத் துறை மட்டும் இல்லை. கால்நடை, மீன்வளம், கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, நீர்வளம் என்று பல துறைகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டித்தான் அந்தப் பெரிய எண் வருகிறது. இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குக் கொடுப்பதும் அதற்குள்தான். 2025-26-ல் அது மட்டும் 8,186 கோடி, நூற்றுக்குப் பதினெட்டு. இலவச மின்சாரம் வேண்டாம்னு யாரும் சொல்லலை. 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்தவர்களும், நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களும் வாங்கிக் கொடுத்த உரிமை அது. பழைய உரிமைக்குக் கொடுக்கும் பணத்தையே புதுச் சலுகை மாதிரிக் கூட்டிக் காட்டாதே என்றுதான் சொல்கிறோம்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்து விவசாயிக்கு இன்னொரு தலைவலி. நம் ஏரி எந்தத் துறை? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, மானியக் கோரிக்கை எண் 40. அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்துடையது, எண் 42. வரத்துக் கால்வாய் மாநகராட்சி எல்லைக்குள் போனால் அதில் விழும் சாக்கடைக்கு நகராட்சி நிர்வாகம், எண் 34. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கிய பிறகு இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. கரை ஒருத்தருக்கு, கால்வாய் ஒருத்தருக்கு, கழிவு ஒருத்தருக்கு. தண்ணி இல்லாத வயல் மட்டும் நமக்கு.

குடிமராமத்துக் கதையைப் பாருங்கள். 2017 மார்ச்சில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அந்தத் திட்டத்தைத் துவக்கிவைத்தது நம்ம மணிமங்கலம் ஏரியில்தான். முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். 2019-20-ல் 499 கோடியே 79 லட்சம், 1,829 பணிகள். வகுத்துப் பாருங்கள். முதலில் ஒரு பணிக்குச் சராசரி ஆறரை லட்சம். இரண்டே வருஷத்தில் 27 லட்சம். நியாயமான காரணம் இருக்கலாம். மதகு, கலங்கல், கரை என்று வேலை பெரிசாகியிருக்கலாம். அப்படியானால் எந்த ஏரியில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள், அந்த மண் எங்கே போச்சு என்று ஊர் அறியச் சொல்லட்டும். பத்தில் ஒரு பங்கை விவசாயிகளே பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டிய திட்டம் அது. பங்கு கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை இல்லையா?

கணக்குக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று 2015 டிசம்பரில் பார்த்தோம். செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசினார்கள். அந்தத் தண்ணி அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். அதற்கு மேலே இருக்கிற முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது எந்தத் தண்ணியில்? ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி, வழி அடைபட்டு ஊருக்குள் புகுந்தது. மேல்பக்கத்து ஏரிகளும் கால்வாய்களும் ஒழுங்காக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது. சென்னை, புறநகர் வெள்ளம் பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை இது மனிதரால் வந்த பேரிடர் என்று சொன்னது. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில், இரண்டரை வருஷம் கழித்து! தணிக்கை அறிக்கைகளைப் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைப்பது ஆளும் கட்சி எதுவானாலும் மாறாத பழக்கம். வைத்த கையோடு சபை கலைந்துவிடும். பொதுக் கணக்குக் குழு விசாரிப்பதற்குள் வேலை செய்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார்.

ஆகவே மேலே இருந்து வரும் தணிக்கையை நம்பிக் காத்திருந்தால் கதை நடக்காது. பட்ஜெட் புத்தகத்திலேயே உண்மைச் செலவு இரண்டு வருஷம் பின்தங்கித்தான் வரும். 2025-26 புத்தகத்தில் 2023-24-ன் செலவுதான் இருக்கும். அறிவித்தது ஒன்று, திருத்தியது ஒன்று, செலவழித்தது வேறொன்று. பேப்பரில் தலைப்புச் செய்தி ஆவது முதல் எண் மட்டும்.

கீழே இருந்து கேட்க வழி இருக்கு. எங்கள் ஊர்க் கால்வாயில் வேலை முடிந்ததாகப் பலகை வைத்தார்கள். நடந்து பார்த்தால் பாதி நீளம்கூடத் தூர்வாரவில்லை. ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "ஃபைல் மேலே போயிருக்கு பெரியவரே, அப்புறம் வாங்க" என்றார்கள். நாலு தடவை போய்விட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் எம்-புக் நகல் கேட்டு எழுதிப் போட்டோம். நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதி, அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். அந்த அளவுப் புத்தகம்தான் எம்-புக். மனு போய்ப் பத்தாம் நாள் ஜேசிபி மறுபடியும் வந்து நின்றது! நகல் வந்தது அதற்கப்புறம்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கு. மாநகராட்சிக்குள் போனவர்களுக்குப் பகுதி சபை இருக்கு. 2022 நவம்பர் 1-ல் பம்மலிலேயே முதலமைச்சர் வந்து உட்கார்ந்து நடத்தினார். அதைத் தொடர்ந்து கூட்ட வைப்பது நம் கையில்தான் இருக்கு. பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியில் சேர்க்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம் வரி ஏறுமா, நூறு நாள் வேலை போகுமா என்றுதான் கேட்டோம். கிராம சபை போனால் கணக்குக் கேட்கும் இடமும் போகுமே என்று யாராவது கேட்டோமா?

வருகிற கிராம சபையில், பகுதி சபையில், உங்கள் ஏரிக்கும் கால்வாய்க்கும் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, எம்-புக் நகல் மூன்றையும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். தகவல் மனு எழுதத் தெரியாதவர்கள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒன்றும், ஏரியின் பெயரும், வேலை நடந்த வருஷமும் கொண்டு வாருங்கள். சங்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு மறுபடியும் வாருங்கள்.