கத்தியில்லா சிகிச்சைக்கும் காப்பீடு வேண்டும்

அறுவைச் சிகிச்சைதான் பெரிய சிகிச்சை என்று நோயாளிகள் மட்டுமல்ல, அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் எண்ணுகின்றன. இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு வயிற்றுத் தமனிக் கிழிவு நல்ல உதாரணம்.

சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனியின் உட்சுவர் திடீரெனக் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கிடையே ரத்தம் புகுந்துவிடுவதே இந்நோய். அரிதானது, நடுத்தர வயது ஆண்களிடமே அதிகம் காணப்படுகிறது. கடும் வயிற்றுவலியுடன் வருபவரை வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடும் அபாயம் உண்டு. ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில்தான் உண்மை புலப்படும்.

குடல் அழுகும் அறிகுறியோ, தமனி வெடிக்கும் அபாயமோ இல்லாதவரை கத்தியை எடுக்க வேண்டியதில்லை என்பதே இன்று மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு. சில நாள்கள் உணவை நிறுத்திக் குடலுக்கு ஓய்வளித்து, வலியைத் தணித்து, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தாலே பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எல்லோருக்கும் தேவையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வலி தணியாவிட்டால்தான் ஸ்டென்ட் அல்லது அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

ஆனால், கத்தியைத் தவிர்ப்பது நோயாளியைக் கைவிடுவதாகிவிடக் கூடாது. மாதக்கணக்கில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 3 நாள்கள், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவும் அதில் அடங்கும். புறநோயாளி சிகிச்சைக்கு இடமில்லை. ஆறாவது மாதம் எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கு அத்திட்டத்தில் வழி ஏது?

மாவட்ட மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறதே என்று அரசு தரப்பில் கூறலாம். உண்மைதான். ஆனால், ஸ்கேன் கருவி மட்டும் போதாது. படத்தைப் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் மாற்றத்தைச் சொல்லும் நிபுணரும் வேண்டும்.

சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதங்களில் புதிய எய்ம்ஸ் எங்கே, மருத்துவக் கல்லூரி எங்கே என்ற கேள்விகளே பெரும்பாலும் ஒலிக்கின்றன. அவை அவசியமே. அத்துடன், கண்காணிப்பையே சிகிச்சையாகக் கொண்ட நோய்களுக்கு இந்த 15 நாள் வரம்பை ஓராண்டாக உயர்த்தவும் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்த வேண்டும். இல்லாவிட்டால், வலி நின்றதும் ஏழை நோயாளி மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். அடுத்த முறை அவர் வரும்போது கத்தியைத் தவிர வேறு வழி இருக்காது. அதற்கான லட்சங்களை அதே அரசுதான் செலுத்த வேண்டியிருக்கும்.