கேட்பவரை விரட்டிவிடும் வடிகட்டி

நம் சமுதாய அமைப்புகள் பலவும் இன்று தத்தம் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. ஜகாத் நிதிக் குழுக்கள், கல்வி உதவி வழங்கும் அறக்கட்டளைகள், மத்ரஸாக்கள், பெரிய ஜமாஅத்துகள் ஆகியவை விண்ணப்பங்களை அந்த முகவரி வழியாகவும் பெறுகின்றன. அஞ்சல் வந்து சேரும் சர்வரின் வாயிலில் ஒரு காவலாளி உண்டு. ஸ்பாம் எனப்படும் குப்பை அஞ்சலைப் பிரித்தெடுக்கும் மென்பொருளே அது. எந்த அஞ்சல் உள்ளே வரலாம், எது ஒதுக்கப்பட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அதற்கு யார், என்ன கட்டளையிட்டார்கள் என்று நிர்வாகிகளைக் கேட்டால், "கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி ஏதோ செய்து வைத்தார்" என்பதே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கும். இது அமானிதம் சார்ந்த விஷயம்; இதை நிர்வாகிகளே முடிவுசெய்ய வேண்டும் என்பது நம் கருத்து.

வடிகட்டியே வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. சென்னை பெசன்ட் நகரில் உள்ள ராஜாஜி பவனை நம்மில் பலர் அறிவோம். மத்திய அரசு அலுவலகங்கள் பல இயங்கும் அந்த வளாகத்தில்தான் தேசியத் தகவலியல் மையத்தின் தமிழ்நாடு மாநில மையம் இருக்கிறது. 1976இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் அரசு அலுவலகங்களின் இணையதளங்களையும் மின்னஞ்சலையும் நெடுங்காலம் நடத்தி வந்தது. நம் பிள்ளைகள் சிறுபான்மையினர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த தேசிய உதவித்தொகை இணையதளமும் அதன் ஆக்கமே. அரசு அஞ்சல் சேவைக்கான ஒப்பந்தம் 2023இல் தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்துக்குச் சென்றது. எனினும் முகவரிகளின் பெயர் அரசுடையதாகவே நீடிக்கிறது. 'ஜிஓவி டாட் இன்', 'என்ஐசி டாட் இன்' என முடியும் முகவரியை மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையையே மோசடிக்காரர்கள் மூலதனமாக்குகிறார்கள். ஓர் எழுத்தை மாற்றி, ஒரு கோட்டைச் சேர்த்து அதே சாயலில் முகவரி அமைத்து, உதவித்தொகை வந்துவிட்டது, வங்கி விவரம் தருக என்று எழுதுகிறார்கள். ரமளான் பிறந்தால் அநாதை இல்லங்களின் பெயரால் ஜகாத் கேட்கும் போலி அஞ்சல்களும் கிளம்புகின்றன. ஒழுக்கக்கேடர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. வடிகட்டி நிறுவுவது அக்கட்டளைக்கு இசைவான செயலே.

அது எவ்வாறு விசாரிக்கிறது என்பதை அறிந்தால், ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு வியப்பு உண்டாகும். ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பகுதியிலும் அது கடந்து வந்த சர்வர்களின் வரிசை பதிவாகியிருக்கும்; ஏறக்குறைய ஓர் இஸ்னாத் போல. அவ்வரிசையின் தொலைவான கண்ணிகளைப் புனைந்து எழுதிவிட முடியும். நம் சர்வரிடம் நேரில் ஒப்படைத்த கடைசிக் கண்ணியே உறுதியானது. ஆகவே அந்தச் சர்வர், தான் சொல்லும் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்றதுதானா என்று எஸ்.பி.எஃப். என்ற முறை சோதிக்கிறது. அஞ்சலில் உள்ள மின்கையொப்பம் மெய்யானதா, வழியில் வாசகம் மாற்றப்பட்டதா என்று டி.கே.ஐ.எம். சோதிக்கிறது. இவ்விரண்டிலும் தேறாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்ற அப்பெயரின் உரிமையாளரது விருப்பத்தை டிமார்க் அறிவிக்கிறது. ஆயினும் போலி முகவரியைத் தன் பெயரிலேயே முறையாகப் பதிவுசெய்த ஏமாற்றுக்காரன் இம்மூன்றிலும் தேறிவிடுவான். ஸனத் சரியாக இருந்தும் மத்னில் குறையிருக்கலாம் என்று முஹத்திஸ்கள் சொல்வது போல, வாசகத்தையும் சோதித்தாக வேண்டும்.

வாசகத்தைச் சோதிக்கும் இலவச மென்பொருள்களில் பெயர்பெற்றது ஸ்பாம்அசாசின். ஜஸ்டின் மேசன் என்பவர் 2001இல் இதை வெளியிட்டார்; பின்னர் இது அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாயிற்று. நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு ஒவ்வோர் அஞ்சலுக்கும் இது புள்ளிகள் இடுகிறது. மொத்தம் ஓர் எல்லையைத் தொட்டால் அது ஸ்பாம். எல்லைக்குள் நிற்கும் நல்ல அஞ்சலை இத்துறையினர் 'ஹாம்' என்று அழைக்கிறார்கள். இரண்டு சொற்களுமே பன்றி இறைச்சியைக் குறிப்பவை என்பது நம் வாசகர்களுக்குப் புன்னகை தரும். பெயர் கிடக்கட்டும், செயலைப் பார்ப்போம்.

உண்மையான சோதனை இங்குதான் தொடங்குகிறது. உதவி கேட்டு எழுதும் ஓர் ஏழை விதவையின் அஞ்சலை நினைத்துப் பாருங்கள். முகவரி இலவசச் சேவையில் நேற்றுத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை உருவாக்கித் தந்தது. தலைப்பில் "அவசரம், உதவி" என்றிருக்கும். சிலர் தலைப்பே எழுத மாட்டார்கள். உள்ளே பணத்தொகை, வங்கிக் கணக்கு எண், கைப்பேசியில் எடுத்த மருத்துவச் சீட்டின் படம். தமிழும் ஆங்கிலமும் கலந்த நடை. மோசடி அஞ்சலின் அடையாளங்கள் எவையோ, ஏறத்தாழ அவையே இந்த நேர்மையான அஞ்சலிலும் இருக்கின்றன. மோசடிக்காரன் வேடமிடுவதே இவரைப் போலத்தானே! ஆகவே ஜகாத் குழுவின் வடிகட்டியை எவ்வளவு இறுக்குகிறோமோ, அவ்வளவுக்கு ஜகாத்துக்கு உரியவரே முதலில் வெளியே தள்ளப்படுகிறார். தம் கடிதம் எவராலும் படிக்கப்படவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. முஸ்லிம்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றே எண்ணிக்கொள்வார். கேட்டு வருபவரை விரட்டக் கூடாது என்று ஸூரா அள்ளுஹா போதிக்கிறது. நாம் விரட்டவில்லை, மென்பொருள்தான் விரட்டியது என்பது மறுமையில் எடுபடும் பதிலா?

எல்லையை எங்கே வைப்பது என்பது ஆகவே மார்க்கப் பொறுப்பும் ஆகிறது. ஸ்பாம்அசாசினை நிறுவியதும் இருக்கும் எல்லை 5 புள்ளிகள். அது சற்றுக் கடுமையானது, ஒரு தனிமனிதருக்குப் பொருந்தும், பலருக்காக நிறுவுவோர் 8 அல்லது 10 என வைப்பது நலம் என்று அதன் கையேடே அறிவுறுத்துகிறது. அதைப் படிக்காமல் 5ஐ மேலும் குறைத்து 3 என வைப்போர் உண்டு. தொல்லை குறைந்தது என்று மகிழ்வார்கள். எந்தக் குரல் குறைந்தது என்று பார்க்க மாட்டார்கள்.

விதிகளும் தவறக்கூடியவை. தேதி நெடுந்தொலைவு எதிர்காலத்தில் இருந்தால் அந்த அஞ்சல் ஐயத்துக்குரியது என்று ஒரு விதி ஸ்பாம்அசாசினில் இருந்தது. அதை எழுதியபோது 2010 என்பது தொலைவான ஆண்டு. 2010 ஜனவரி 1 விடிந்ததும், சரியான தேதியிட்ட நேர்மையான அஞ்சல்களுக்கெல்லாம் உலகெங்கும் தண்டனைப் புள்ளிகள் விழுந்தன. புதுப்பிப்பை உடனே நிறுவியோர் தப்பினர். நிறுவிவிட்டு மறந்தோரின் வாயிலில் நல்லோரும் தடுக்கப்பட்டனர்.

பெரியோர்களின் மேதைமையிலும் இதற்குப் பாடம் உண்டு. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் பெரும் சேவை செய்தார்கள். ஆயினும் இட்டுக்கட்டப்படாத சிலவற்றையும் அப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்), இமாம் ஸுயூத்தி (ரஹ்) போன்றோர் சுட்டிக்காட்டினார்கள். பொய்யை ஏற்பது எப்படிப் பிழையோ, மெய்யைத் தள்ளுவதும் அப்படியே பிழை என்பதால்தான் அவ்வளவு பாடுபட்டார்கள். இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களோ பலவீனமான அறிவிப்புகளையும் தம் நூலில் பதிந்து, அவற்றின் தரத்தையும் அங்கேயே குறித்தார்கள். வடிகட்டிக்கும் இதுவே நல்ல வழி: குறியிடுக, அழிக்காதீர். ஸ்பாம்அசாசின் தானாக எதையும் அழிப்பதில்லை, குறியிட்டு ஒப்படைக்கிறது. அழிக்கச் சொல்லும் கட்டளையைச் சேர்ப்பவர்கள் மனிதர்களே. மோசடி முகவரி என உறுதியானதைத் தடுக்கலாம்; ஐயத்துக்குரியது தனிக் கோப்புறையில் காத்திருக்கட்டும்.

அந்தக் கோப்புறையைத் திறந்து பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அவர் பிரித்துத் தருவதைக் கொண்டே வடிகட்டி கற்கிறது. சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிடும் அதன் பகுதி, குறைந்தது 200 ஸ்பாமும் 200 நல்ல அஞ்சலும் பயின்ற பிறகே இயங்கத் தொடங்கும். அந்த 200 நல்ல அஞ்சல்களில் தமிழில் வந்த விண்ணப்பங்கள் போதிய அளவு இருக்க வேண்டும். எதிர்பார்க்கும் மொழிகளைக் குறிக்கும் அமைப்பைப் பயன்படுத்தினால் அதில் தமிழும் இடம்பெற வேண்டும். ஆங்கிலம் மட்டும் என்று விட்டால், தாய்மொழியில் எழுதியதே குற்றமாகிவிடும்.

பார்ப்பவர் யார் என்பதிலும் கவனம் தேவை. அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் மிகுதியான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. துருவி ஆராய்வதையும் அதே வசனம் தடுக்கிறது. ஏழையின் கடனும் நோயும் குடும்பச் சிக்கலும் அந்த அஞ்சல்களில் இருக்கும். ஆகவே நிர்வாகம் பெயர் குறித்து நியமித்த ஒருவர் அல்லது இருவர் மட்டும், தேவையான அளவு மட்டும் பார்த்து, வாய் காக்க வேண்டும்.

"எங்களுக்குத் தனிச் சர்வர் இல்லை; ஜிமெயில்தான்; அதில் நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். அங்கும் ஸ்பாம் கோப்புறை உண்டு; அதில் விழுந்தது 30 நாட்களில் தானே அழிந்துவிடும். வாரம் ஒருமுறை ஜும்ஆ நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆளில்லை என்போர், விண்ணப்பம் அனுப்பிய ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைக்குமாறு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதியேனும் வைக்கலாம்.

இன்னொரு கடமையும் உண்டு. நாமே பிறருக்கு ஸ்பாம் ஆகிவிடக் கூடாது. கேட்காதவருக்கெல்லாம் வாராவாரம் பயான் அறிவிப்பும் நன்கொடை வேண்டுகோளும் அனுப்பும் அமைப்பைப் பலர் ஸ்பாம் எனக் குறித்தால், அதன் அவசர அஞ்சலும் எவரையும் எட்டாது. நல்ல செய்திக்கும் அனுமதி பெறுவது அதபு. வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்கப் பழக்கிய மார்க்கம் நம்முடையது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இக்கேள்விகளை எழுப்புமாறு வாசகர்களை வேண்டுகிறோம்: நம் வடிகட்டியின் எல்லை எத்தனை புள்ளி? ஒதுக்கப்பட்ட அஞ்சலைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? பார்த்தவர் யார்? பதில் கிடைக்காவிட்டால் அன்றே அந்தக் கோப்புறையைத் திறக்கச் சொல்லுங்கள். மோசடியிலிருந்து நம் ஜகாத்தையும், நம் அலட்சியத்திலிருந்து ஏழையின் குரலையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.