ஒரு விவரம், ஒரே இடம்!

விடியற்காலை மணி ஐந்து. திருச்செந்தூர்.

ஒரு பத்திரிகை ஏஜெண்டு தன் கடை வாசலில் நிற்கிறார். பேப்பர் போடும் இளைஞர்கள் சைக்கிளோடு காத்து இருக்கிறார்கள். பஸ் வந்தது. பஸ் போனது. பத்திரிகைக் கட்டு மட்டும் வரவில்லை!

எங்கே போயிற்று?

பழைய கடையின் வாசலில் கிடந்தது. ஏஜெண்டு கடை மாற்றி ஒரு மாதம் ஆகிறது. அன்றே ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். கணக்குப் பிரிவில் விலாசத்தைத் திருத்தினார்கள். விளம்பரப் பிரிவிலும் திருத்தினார்கள். பார்சல் பிரிவின் ஏட்டில் மட்டும் பழைய விலாசமே இருந்துவிட்டது.

கட்டைத் தேடிக் கொண்டுவர மணி எட்டு ஆயிற்று. இளைஞர்கள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். 120 பத்திரிகையில் 70 விற்கவில்லை. மாதக் கடைசியில் பில் வந்தது. 120 பத்திரிகைக்கும் பணம் கட்டு என்றது பில்!

இது கற்பனைதான். ஆனால், ஏடு வைத்துத் தொழில் செய்கிற எவரும், "இப்படி நடக்காது" என்று சொல்ல மாட்டார்கள்.

குற்றம் யாருடையது? கணக்குப் பிள்ளையும் யோக்கியர். பார்சல் கட்டுகிறவரும் யோக்கியர். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்தார்களே, அதுதான் குற்றம்!

கணக்கு அறிந்த கரை

தூத்துக்குடிக் கரைக்குக் கணக்கு புதிது அல்ல.

முத்துக் குளிக்கும் காலத்தில், கரைக்கு வந்த சிப்பியை எண்ணிப் பங்கு வைப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு. எண்ணிக்கையில் பிசகு வந்தால் குளியாளின் வயிற்றில் அடி. மூச்சை அடக்கிக் கடலுக்குள் போனவன், கரையில் எண்ணுகிறவனை நம்பித்தான் போனான். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில்.

இந்தக் கரைக்கு அச்சும் புதிது அல்ல. இங்கே ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ்ப் புத்தகம், 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். 1942-ல் மதுரையில் "தந்தி" பத்திரிகையைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், இந்த மாவட்டத்துக் காயாமொழியில் பிறந்தவர்.

கணக்கும் அச்சும் அறிந்த இந்தக் கரையில், பத்திரிகைத் தொழிலின் கணக்கை எப்படி வைப்பது? இன்று அதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால், கம்ப்யூட்டர் வாங்கினால் மட்டும் போதாது. பிசகான ஏட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், பிசகு வேகமாக நடக்கும். அவ்வளவுதான்!

வழி சொன்னவர்

வழி சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எட்கர் காட். 1923-ல் இங்கிலாந்தின் தென் கடற்கரையில், போர்ட்லேண்டு என்ற இடத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினார். பிறகு அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார்.

1970-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: விவரங்களை எளிய அட்டவணைகளாக வை. ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்ட ஓர் எண் கொடு. ஓர் அட்டவணையை இன்னொன்றோடு அந்த எண்ணைக் கொண்டு சேர்த்துப் பார்.

இப்படிப்பட்ட அட்டவணைக்குக் கணிதத்தில் "உறவு" என்று பெயர். ஆகவே இந்த முறைக்கு "உறவுமுறைத் தரவுத்தளம்" என்று பெயர் வந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் "ரிலேஷனல் டேட்டாபேஸ்" என்பார்கள். 1981-ல் காட்டுக்குக் கம்ப்யூட்டர் துறையின் பெரிய பரிசான டூரிங் பரிசு கிடைத்தது. 2003-ல் காலமானார். இன்று பாங்கியிலும் ரயில்வேயிலும் நடக்கும் கணக்குகளில் பெரும்பாலானவை அவர் காட்டிய வழியில்தான் நடக்கின்றன.

அட்டவணை போடுவோம்

ஒரு பத்திரிகை ஆபீசுக்கு என்னென்ன அட்டவணை வேண்டும்? இதோ:

ஏஜெண்டு அட்டவணை. இதில் ஏஜெண்டு எண், பெயர், விலாசம், ஊர் எண் இருக்கும்.

ஊர் அட்டவணை. இதில் ஊர் எண், ஊர்ப் பெயர், எந்தப் பஸ்ஸில் கட்டு போகும் என்பது இருக்கும்.

அனுப்பியது. இதில் தேதி, ஏஜெண்டு எண், எத்தனை பத்திரிகை என்பது இருக்கும்.

திரும்பி வந்தது. விற்காத பத்திரிகைக் கணக்கு இது.

வரவு. யார், எந்தத் தேதியில், எவ்வளவு கட்டினார் என்பது இது.

இப்போது நம் ஏஜெண்டின் எண் 17 என்று வைத்துக்கொள்வோம். அவர் கடை மாறினால், ஏஜெண்டு அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். கணக்குப் பிரிவும் பார்சல் பிரிவும் 17 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த வரிக்கே வந்து பார்க்கும். ஓர் இடத்தில் திருத்தினால், எல்லா இடத்திலும் திருந்தியது போலத்தான்!

விளம்பரத்துக்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கண்ணீர் அஞ்சலி மூன்று நாள் வரலாம். ஒரே நாள் பத்திரிகையில் முப்பது அஞ்சலி வரலாம். ஆகவே விளம்பரத்துக்கு ஓர் அட்டவணை. நாளுக்கு ஓர் அட்டவணை. எந்த விளம்பரம் எந்த நாளில் வந்தது என்பதற்கு நடுவே மூன்றாவது அட்டவணை. தந்தையை இழந்த வீட்டுக்காரர்கள் பணம் கட்டிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டுவார்கள். படம் வரவில்லை என்றால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்?

மூன்று சல்லடை

முத்து வணிகர்கள் முத்தைச் சலிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டு இருப்பீர்கள். பித்தளைக் கூடை போன்ற பத்துச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை. கடைசிச் சல்லடையில் 1,000 துளை. பெரிய முத்து முதலில் தங்கும். சிறியது கீழே இறங்கும்.

அட்டவணைகளையும் சலிக்க வேண்டும். அதற்கு மூன்று சல்லடை போதும்.

முதல் சல்லடை: ஒரு கட்டத்தில் ஒரு விவரம்தான் இருக்க வேண்டும். "மற்ற நாள் 120, ஞாயிறு 150" என்று ஒரே கட்டத்தில் எழுதினால், எந்திரம் கூட்டாது. பிரித்து எழுது.

இரண்டாவது சல்லடை: "அனுப்பியது" அட்டவணையில் ஒரு வரியைத் தேதியும் ஏஜெண்டு எண்ணும் சேர்ந்து அடையாளம் காட்டுகின்றன. விலாசத்துக்குத் தேதி எதற்கு? அது ஏஜெண்டை மட்டும் சேர்ந்தது. ஆகவே அதை இங்கே எழுதாதே.

மூன்றாவது சல்லடை: கட்டு எந்தப் பஸ்ஸில் போகிறது என்பது ஏஜெண்டைப் பொறுத்ததா? இல்லை, ஊரைப் பொறுத்தது. அதை ஊர் அட்டவணையில் வை. பஸ் மாறினால், அந்த ஊர் ஏஜெண்டுகள் எல்லோருக்கும் ஒரே திருத்தம் போதும்.

பெயர் மாறும், எண் மாறாது

பெயரை நம்பிக் கணக்கு வைக்க முடியுமா? முடியாது.

ஒருவர் "தூத்துக்குடி" என்று எழுதுவார். இன்னொருவர் "டூட்டிகோரின்" என்று எழுதுவார். நமக்கு ஒரே ஊர். எந்திரத்துக்கு இரண்டு ஊர்! "காயல்" என்று சுருக்கி எழுதினால், அது காயல்பட்டினமா, பழையகாயலா, புன்னைக்காயலா? கட்டு எங்கே இறங்கும்?

நம் துறைமுகத்தையே பாருங்கள். 1974-ல் அது பெருந்துறைமுகம் ஆயிற்று. 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்றது. பெயர் மாறினாலும் எண் மாறாமல் நின்றால், பழைய கணக்கு அறுந்து போகாது.

எண்ணால் இன்னொரு காவலும் கிடைக்கிறது. 99 என்று ஓர் ஏஜெண்டு இல்லாதபோது, அந்த எண்ணுக்குப் பத்திரிகை அனுப்பியதாக எழுதினால், எந்திரம் ஏற்காது. பேய்க் கணக்கு எழுத முடியாது!

பாக்கியை எழுதாதே!

இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், ஏஜெண்டின் பாக்கியைத் தனியாக எழுதி வைக்கக் கூடாது. அனுப்பியது 120, திரும்பியது 8 என்றால், விற்றது 112. அதை அன்றைய விலையால் பெருக்கி, அவர் கட்டிய பணத்தைக் கழித்தால் பாக்கி தெரிந்துவிடும். கணக்குப் போட்டு அறியக் கூடியதை எழுதி வைத்தால், ஒருநாள் இரண்டும் சண்டை போடும்.

"அன்றைய விலை" என்று சொன்னோம். அதைக் கவனியுங்கள். விலை ஏறும்போது பழைய விலையை அழிக்கக் கூடாது. எந்தத் தேதி முதல் எந்த விலை என்று ஓர் அட்டவணை வைக்க வேண்டும். இல்லாவிட்டால், போன வருட பில்லும் புது விலைக்கு ஏறிவிடும். ஏழை ஏஜெண்டு யாரிடம் போய் முறையிடுவார்?

பத்திரிகைக்கும் இதனால் நன்மை. இந்தியாவில் பத்திரிகை விற்பனையைச் சரிபார்க்க 1948-லேயே ஏ.பி.சி. என்ற அமைப்பு ஏற்பட்டது. அச்சடித்த கணக்கு வேறு; விற்ற கணக்கு வேறு. விற்ற கணக்கை நம்பித்தான் விளம்பரம் வருகிறது.

மூன்று எச்சரிக்கை

முதலாவது, நகல். 2023 டிசம்பரில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! அப்படி வெள்ளம் வந்தால், தரைத் தளத்தில் உள்ள ஏடும் போகும்; எந்திரமும் போகும். தினமும் நகல் எடுத்து வேறு ஊரில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அடக்கம். சந்தாதாரரின் விலாசமும், அஞ்சலி கொடுத்த வீட்டின் டெலிபோன் எண்ணும் பத்திரிகையை நம்பிக் கொடுத்தவை. யாருக்கு எது தேவையோ, அதை மட்டும் அவர் பார்க்கட்டும். தனிப்பட்டவர்களின் விவரங்களைக் காக்க 2023-ல் சட்டமே வந்து இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். அட்டவணை போடுகிறவர் நாற்காலியில் இருந்தே போடக் கூடாது. இரவு இரண்டு மணிக்குக் கட்டுக் கட்டுகிறவரைக் கேட்க வேண்டும். ஏஜெண்டைக் கேட்க வேண்டும். முப்பது வருடம் பேரேடு எழுதிய கணக்குப் பிள்ளையைக் கேட்க வேண்டும். எந்த ஊரில் எந்தப் பாலத்தில் பஸ் நிற்காது என்பது அவருக்குத் தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது. எந்திரம் வந்தது என்று அவரை வெளியே அனுப்புகிறவர், தன் ஏட்டில் பாதியைக் கிழித்து எறிகிறார்!

முத்து போய்விட்டது. ஆனால், முத்து எண்ணிய கரையின் பாடம் போகவில்லை. உழைத்தவன் கண் எதிரே, ஒளிவு இல்லாமல் எண்ண வேண்டும். அதுதான் அந்தப் பாடம்.

கணக்கு என்பது எண் அல்ல. கணக்கு என்பது நாணயம்!