தலைக்குள் ஒரு தேசப்படம்

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் நிற்கும் நம் சமவெளிச் சிற்றூர்களில், "தெற்கே போய்க் கிழக்கே திரும்புங்கள்" என்றே வழி சொல்வர். மதுரைப் பக்கத்துக் கிராமத்தார், பொருள்களின் இருப்பிடத்தையும் திசை கொண்டே நினைவில் வைப்பதை 1990களில் எரிக் பெடர்சன் என்னும் மொழியறிஞர் ஆராய்ந்து கண்டார்.

இடமறியும் உயிரணுக்கள் மூளையில் உண்டு. எலி ஒரு மூலையை அடைந்தால் ஓரணு துடிக்கும். மறு மூலைக்கு மற்றோர் அணு. 1971-இல் இதனை வெளியிட்ட ஜான் ஓகீஃப், 2014-இல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். (நாற்பத்து மூன்றாண்டுக் காத்திருப்பு!)

கடற்குதிரை வடிவான அம்மூளைப்பகுதியையும் அதன் அண்டையையுமே அல்சைமர் மறதிநோய் முதலில் தாக்குகிறது. சந்தைக்குப் போன பாட்டனார் பழகிய தெருவிலேயே திகைத்து நின்றால், "கவனம் எங்கே?" என்று கடிந்துகொள்கிறோம். மருத்துவரிடம் அன்றோ அழைத்துச் செல்ல வேண்டும்?