துண்டு காயாத அறை

ஆசிரியர் உரை

கேமரன் மலையின் தானா ராத்தாவில் கடைசியாகத் தங்கிய அறையில், காலையில் கண் விழித்ததும் குளியலறைக்குப் போய்த் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். முந்தைய இரவு ஒன்பது மணிக்குப் பிழிந்து போட்டது. விடிந்து ஏழு மணிக்கும் அதே ஈரம். அலமாரியைச் சற்று நகர்த்தி அதன் முதுகில் விரலை ஓட்டினேன். கரும்பச்சையாகப் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டடம் புதியது. வெளியே கறுப்புப் பட்டை தீட்டிய வெள்ளைச் சுவர், உள்ளே சுவருக்குச் சுவர் தரைவிரிப்பு, மலையைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிச் சன்னல். அந்தச் சன்னலில் திறக்கக்கூடிய பகுதி ஒரு சாண் அகலம்தான்.

அன்று பகலில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அதே மலை, அதே மூட்டம், அதே ஈரக்காற்று. அங்கே பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். அந்தத் தொழிற்சாலையை நடத்தும் போ நிறுவனம் இந்த மலையில் தேயிலை போடத் தொடங்கியது 1929-இல். கொழுந்தின் ஈரத்தை எடுக்கும் வித்தை ஏறத்தாழ நூறு வருடமாக இங்கே இருக்கிறது. பக்கத்திலேயே, கட்டடக் கலைஞர்களான நாம் கட்டும் விடுதிகளில் ஒரு துண்டு காயவில்லை. இந்த இதழை மலை விடுதிகளுக்கே ஒதுக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

விடுதி வகைகளைப் பற்றித் தமிழில் பேச வந்தால் முதலில் சொற்களையே துலக்க வேண்டியிருக்கிறது. நம் பேச்சு வழக்கில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. தமிழ்நாட்டில் மோட்டல் என்றால் நெடுந்தூரப் பேருந்து நள்ளிரவில் நிற்கும் சாலையோர உணவகம்; படுக்க அங்கே ஒரு கட்டில்கூட இருக்காது. கட்டடக் கலையிலோ மோட்டல் தெளிவான ஒரு வகை. 1925 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் திறந்த விடுதிக்கு, அதன் கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹைன்மன் மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டி அந்தப் பெயரை வைத்தார். அறை வாசலிலேயே கார் நிற்கும். பெரிய வரவேற்புக் கூடம் கிடையாது. அறைகள் தரையோடு தரையாக ஒரே வரிசையில் ஓடும். இந்த வகை ஒன்றை மட்டும் கேட்கும்: சமதரை.

அதே 1925-இல்தான் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் இந்த மலைக்கு வந்து, இதைக் கோடை வாசத்தலமாக்கலாம் என்று கண்டார். வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்துபோய் அப்போது நாற்பது வருடம் ஆகியிருந்தது. தாப்பாவிலிருந்து சாலை மேலே வந்து சேர்ந்தது 1930களின் தொடக்கத்தில். மலாய் மொழியில் தானா என்றால் நிலம், ராத்தா என்றால் சமம். ஒரு மலையூருக்கு 'சமநிலம்' என்று பெயர் வைக்கிறார்கள் என்றால், சுற்றுவட்டாரத்தில் சமநிலம் எவ்வளவு அரிது என்று புரிந்துகொள்ளலாம். இருந்த சமநிலத்தில் ஊர் வந்து உட்கார்ந்து பல காலமாயிற்று. இனி நம் மேசைக்கு வரும் மனைகளெல்லாம் சரிவுகள்தான்.

அந்தச் சரிவுக்கு மோட்டல் கேட்டு வரும் உரிமையாளரிடம் நாம் போட்டுக் காட்ட வேண்டிய கணக்கு எளியது. ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். அது திரும்பி வெளியேறும் வழியையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 சதுர மீட்டர். நடுத்தர விடுதியில் ஓர் அறையும் குளியலறையும் சேர்ந்து பிடிக்கும் இடமும் அதுதான். நாற்பது அறை மோட்டல் என்றால் காருக்கு மட்டும் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் சமதரை. மலையை வெட்டாமல் அது கிடைக்காது. காரைச் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு, மேலே அறைகளுக்குக் கூரை போட்ட நடைபாதை வைப்பதே இங்கே பொருத்தம். பெட்டிக்கு ஒரு சிறு வண்டி போதும். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் உரிய அறைகளைச் சாலை மட்டத்திலேயே ஒதுக்கிவிடலாம், மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1184 கேட்கும் அணுகல் வசதியை அங்கே தருவது எளிது.

இன்னொரு கணக்கும் உண்டு. நடுவில் தாழ்வாரம், இருபுறமும் அறைகள் என்பது நகரத்து ஹோட்டலின் வழக்கமான அமைப்பு. கட்டடத்தின் ஆழம் சுமார் 18 மீட்டர் வரும். அதை 25 பாகைச் சரிவில் வைத்தால், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே நிலம் 8.4 மீட்டர் ஏறியிருக்கும். அதாவது பின்பக்கம் கிட்டத்தட்ட மூன்று மாடி உயரத்துக்கு மலையை வெட்டித் தாங்கு சுவர் எழுப்ப வேண்டும். அறைகளை ஒரே பக்கமாக வைத்து, ஆழத்தை 10 மீட்டராகக் குறைத்து, சமவுயரக் கோட்டை ஒட்டிக் கட்டடத்தை வளைத்துக்கொண்டு போனால் ஏற்றம் 4.7 மீட்டர்தான். ஒன்றரை மாடி. அதைப் படிப்படியாக இறங்கும் தளங்களாகவே சமாளித்துவிடலாம். தாழ்வாரம் நீளும், நடை கூடும், குழாய்ச் செலவும் ஏறும். ஆனாலும் பின்னால் நிற்கும் மலை தொடப்படாமல் இருக்கும். 15 முதல் 25 பாகை வரை இரண்டாம் வகுப்புச் சரிவு, 25 முதல் 35 வரை மூன்றாம் வகுப்பு என்று நம் நாட்டு வழிகாட்டிகள் பிரிக்கின்றன. அந்த எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மனையைக் காட்ட 24 பாகை என்று எழுதித் தரும்படி யாராவது கேட்டால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவில் நீர் வடியும் வழி சீராக இல்லை. தாங்கு சுவர்கள் சரிந்தன. மண் நகர்ந்து அடித்தளத்தைத் தள்ளியது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் கூடாரங்களில் உறங்கியவர்கள்மேல் சரிவு இறங்கி 31 உயிர்கள் போயின. கூடாரத்துக்கு அடித்தளம் இல்லை, சுவர் இல்லை, ஆகவே அது கட்டடமே இல்லை என்று நினைத்திருந்தோம். மனிதர் இரவு படுத்து உறங்கும் எந்த இடமும் விடுதிதான். கூடார மனைக்கும் சரிவு ஆய்வு வேண்டும்.

இந்த மலை பெரும்பாலும் ஆழமாகச் சிதைந்த கருங்கல் மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், அதனால்தான் அது நம்மை ஏமாற்றுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அக்டோபர், நவம்பரில் அடித்துப் பெய்யும். வெட்டின் உச்சியில் மேல்நீரை மறிக்கும் வடிகால், இடைப்படிகளில் வடிகால், சுவரில் நீர்த்துளைகள், அவற்றைத் தூர்வார ஆள் நடந்துபோக வழி எல்லாம் வரைபடத்தில் இருக்கும். கடைசியாகச் சொன்ன வழியைத்தான் கட்டும்போது விட்டுவிடுகிறார்கள். ஆள் போக முடியாத வடிகாலை யார் தூர்வாருவது? அது இரண்டே வருடத்தில் மண்மூடிப் போகிறது. சரிவிலிருந்து கழுவிப்போகும் மண் ரிங்லெட் ஏரியில் போய்ப் படிகிறது. 2013 அக்டோபரில் அங்குள்ள அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஈரத்துக்கு வருகிறேன். 18 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றின் பனிநிலை 16 டிகிரிக்குச் சற்று மேல். சுவரோ கண்ணாடியோ அந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீர் அதன்மேல் படியத் தொடங்கும். தானா ராத்தாவின் இரவில் வெளிச்சுவர் எளிதாக அந்த நிலைக்கு இறங்கிவிடும். அதற்குமேல் விருந்தினர் வெந்நீரில் குளிக்கிறார். இருவர் உறங்கும் அறையில் மூச்சாலும் வியர்வையாலும் மட்டுமே ஓரிரவில் அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் சேர்கிறது. குளியலறை விசிறியை விளக்கு சுவிட்சோடு இணைத்திருக்கிறோம். விளக்கை அணைத்தால் விசிறியும் நின்றுவிடும், நீராவி அறைக்குள் நிற்கும். அலமாரி குளிர்ந்த வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிறது, அதன் பின்னால் காற்றே போகாது. நான் விரலில் எடுத்த பூஞ்சணம் அங்கேதான் வளர்ந்தது. துப்புரவுப் பணியாளர்மேல் அதில் ஒரு பிழையும் இல்லை. வரைபடம் போட்டவர் செய்த பிழை அது.

கீழ்நாட்டு விடுதியின் வரைபடத்தை மேலே கொண்டுவந்து, குளிர்சாதனத்தை மட்டும் எடுத்துவிட்டால் மலை விடுதி ஆகிவிடும் என்ற நினைப்பே இதற்கு வேர். கீழே குளிர்சாதனம் காற்றைக் குளிரவைப்பதோடு அதன் நீரையும் பிழிந்து வெளியேற்றியது. இங்கே அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டடத் துணைவிதித் தொகுப்பான யு.பி.பி.எல். 1984, அறைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் வேண்டும், இருபதில் ஒரு பங்காவது காற்றுக்குத் திறக்க வேண்டும் என்கிறது. இயந்திரக் காற்றோட்டம் வைத்தால் விலக்கு உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு சன்னலை மூடிவிடுகிறோம், பிறகு மின்கட்டணத்துக்குப் பயந்து இயந்திரத்தையும் நிறுத்திவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு வைப்பவையல்ல. குளியலறை விசிறி குறைந்த வேகத்தில் இடைவிடாமல் ஓடட்டும். சன்னலுக்கு மேல் எப்போதும் திறந்திருக்கும் சிறு காற்றுத்துளை வேண்டும். அலமாரி உட்சுவரில் இருக்கட்டும். வெளிச்சுவரில்தான் வைக்க முடியும் என்றால் நான்கு விரல் இடைவெளியும் காலும் கொடுங்கள். தரைவிரிப்பும் வெளிச்சுவரில் ஒட்டும் வினைல் தாளும் இந்த ஊருக்கு ஆகாது. கூரை இறவாரம் ஒரு மீட்டராவது வெளியே நீளட்டும். வெந்நீர் இயந்திர அறைக்குப் பக்கத்தில், அதன் வெப்பத்தையே வாங்கிக்கொள்ளும்படி ஓர் உலர்த்தும் அறை கட்டுங்கள். பிரிஞ்சாங் மலைப் பாசிக்காட்டுக்குப் போய்ச் சேறும் நீருமாகத் திரும்பும் விருந்தினர் சப்பாத்தை எங்கே வைப்பார்? இன்றைக்குச் சன்னல் விளிம்பில் வைக்கிறார்.

இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். வசதியுள்ளவர்கள் ஒருமுறை போய்த் தங்கிப் பாருங்கள். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டிய மேல்தளங்கள்தான் இன்று அறைகள். சன்னல் வரிசை பழைய தொழிற்சாலையின் அமைப்பிலேயே இருக்கிறது. காற்றோட்டத்துக்காகப் பிறந்த ஒரு கட்டடத்தில் மனிதரைத் தங்கவைத்திருக்கிறார்கள். தேயிலை மலையில் விடுதி கட்டுபவருக்கு அதைவிட நெருங்கிய முன்னோடி வேறில்லை என்பது என் கருத்து.

நம் ஊரில் முன்னோடியாக எல்லோரும் எடுத்துக்கொள்வது 1937-இல் கட்டிய ஸ்மோக்ஹவுஸ். அழகான கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொண்டதெல்லாம் வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டை தீட்டுவதை மட்டுமே. அதன் சிறிய அளவையும், அறையை உலர்த்தும் கணப்பையும், நீரை உறிஞ்சும் தோட்டத்தையும் விட்டுவிட்டோம். பத்து மாடிக் கட்டடத்துக்கு அந்தப் பட்டையைத் தீட்டினால் அது இங்கிலாந்துச் சத்திரம் ஆகிவிடாது. சுங்கை பாலாஸ் தேயிலை மையத்தைப் பாருங்கள். சரிவை வெட்டாமல் அதன்மேல் நீட்டிய மேடையில் பயணிகள் தேநீர் குடிக்கிறார்கள். அதில் ஒரு கறுப்புப் பட்டையும் இல்லை, கேமரன் மலையின் கட்டடம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

கடைத்தெருவில் மாடிகளை அறைகளாகத் தடுத்து நடத்தும் சிறு விடுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மாடிப்படி போதும் என்ற சலுகை வீட்டுக்கும் அலுவலகத்துக்குமானது. அறையை வாடகைக்கு விட்ட அன்றே இரண்டாவது வெளியேறும் வழி வேண்டும். பின்புறம் இரும்புக் கம்பி அடைத்துப் பூட்டிய பலகணியை வழி என்று வரைபடத்தில் குறிக்காதீர்கள்.

கடைசியாக, பணியாளர் அறை. இங்கே துண்டு மடிப்பவர்களில் பலர் கடல் கடந்து வந்தவர்கள். நம் தாத்தா பாட்டிகளும் அப்படி வந்துதான் தோட்ட லயங்களில் பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தினார்கள். தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் 446, 2020 ஜூன் முதல் தோட்டத்தைத் தாண்டி எல்லாத் துறைகளுக்கும் விரிந்திருக்கிறது. தனி அறைகளில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், பொதுக் கூடமானால் 3 சதுர மீட்டர் உறங்கும் இடம் என்பது அதன் கீழ் வந்த குறைந்த அளவு. நாம் பார்க்கும் விடுதி வரைபடங்களில் பலவற்றில் அந்த அறை நிலவறையில், தாங்கு சுவரை ஒட்டி, சன்னல் இல்லாமல் இருக்கிறது. மலை சரிந்தால் முதலில் மண் இறங்கும் இடம் அது. ஈரம் முதலில் ஏறும் இடமும் அதுதான். அதை மேலே, வெயில் படும் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த இதழுக்கு உங்கள் மலை விடுதிப் பணிகளை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். முகப்புப் படம் வேண்டாம். பின்பக்கச் சரிவையும் வடிகாலையும் காட்டும் வெட்டுமுகப் படம் ஒன்று, பணியாளர் அறையின் தளப்படம் ஒன்று, கட்டி முடித்து ஒரு மழைக்காலம் கழிந்தபின் அலமாரியின் பின்புறத்தை எடுத்த நிழற்படம் ஒன்று. இம்மூன்றும் இருந்தால் போதும், வெளியிடுவோம்.