உடுப்பிட்டியில் இரவு, ரொறன்ரோவில் பகல்
உடுப்பிட்டிப் பக்கமெல்லாம் காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடும் கூத்து. இப்போது அதற்கு வரும் முகநூல் அறிவித்தல்களைப் பார்த்தால் மனம் நோகிறது: பிரதம விருந்தினரின் படம் பெரிதாக, கூத்தர்களின் பெயர்கள் எறும்பளவில், தொடங்கும் நேரமே இல்லை. இங்கே இரவு 9 மணி என்றால், கோடையில் லண்டனில் மாலை 4.30, ரொறன்ரோவில் முற்பகல் 11.30. இதை எழுதிவிட்டாலே அங்குள்ள பேரப்பிள்ளை அம்மம்மாவோடு இருந்து நேரலையில் பார்க்கும். ஒரு கிழமை முன்னரே சிந்துநடையைக் கைபேசியில் பிடித்துப் போடுங்கள். ஆர்மோனியம் எடுத்துக்கொடுக்க, காத்தான் துள்ளி வரும் அந்த ஒரு நிமிடம் இழுக்கும் சனத்தை எந்தப் பதாகையும் இழுக்காது. முழு ஒளிப்பதிவையும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுத்துவையுங்கள். முகநூலில் அது நாலு நாளில் கீழே போய்விடும்.