பயந்த சாரதிக்கு எந்தக் கார்?

"ஓட்டோ கியரா? அது பொம்பிளையளுக்கு!" லைசன்ஸ் எடுத்த கையோட நாங்கள் கேட்கிற பகிடி இது. பயத்தோடு ஓடுறவைக்கு ஓட்டோ கியர்தான் சரி என்கிறோம். கிளட்ச்சில் மாட்டுப்பட்ட கவனம் குறுக்கே வாற சைக்கிளைக் காணாது.

யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மதில், எதிரே லான்ட்மாஸ்டர். அங்கே அகலம் 1.5 மீற்றரும் வராத ஜப்பான் வகன்ஆர் போதும். இருக்கையும் உயரம், றோட்டு வடிவாத் தெரியும்.

2020இல் இறக்குமதி நின்றபின் பழைய கார்களும் விலை ஏறின. அதனால் முதல் கீறலுக்கே வீட்டில் சண்டை. ஏற்கெனவே கீறல் விழுந்த காரை வாங்குவோம். பிரேக், டயரை மட்டும் தெரிஞ்ச மெக்கானிக்கிடம் காட்டுவோம். ஊர் பார்க்கவெண்டு வாங்கின கார் போர்வைக்குள்ளதான் கிடக்கும்.